இரண்டில் ஒன்று

உள்ளே வந்த இருவரையும் பார்த்த மாத்திரத்தில் நவநீதனுக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியது.

ஆம்பூர் பைபாஸ் ரோட்டில் அவன் பழைய லேப்டாப், செல்போன் கடை போட்டு வருஷம் ஒன்றுகூட ஆகவில்லை. குடியாத்தத்தில் அப்பாவின் லுங்கித் தறிகளை அண்ணனிடமே விட்டுவிட்டு வந்தவன். போன தீபாவளிக்கு, கணவன் மனைவி மாதிரி வந்த ஒரு ஜோடி, பேச்சுக் கொடுத்தபடியே செல்போனை உருவிக்கொண்டு டப்பாவுக்குள் சோப்புக் கட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் கையைப் பார்ப்பான். அப்புறம்தான் முகத்தை.

வந்த பெண்ணின் கழுத்தில் ஏதோ ஒரு ஷூ கம்பெனியின் அடையாள அட்டை. அதில் கரோலின் என்று இருந்தது. கூட வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

"எங்க அங்கிள்" என்றாள்.

அங்கிள் உட்காரவில்லை. வாசலை ஒட்டி நின்றுகொண்டு கடையை மேலும் கீழும் அளந்தார்.

"சின்னதா, லேசா ஒரு லேப்டாப் வேணும் சார். தெனமும் தூக்கிட்டுத்தான் வேலைக்கு வர்றேன். பெருசுன்னா தோளு விட்டுப்போகுது."

கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து மேஜையில் வைத்தான். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, இரண்டும் நோட்டுப் புத்தகம்போல ஒல்லி. அக்கா தங்கச்சி என்றால் நம்பலாம். பெங்களூர் கம்பெனியில் கழித்துவிட்ட சரக்கு என்று சொல்லித் தரகர் ரெனால்ட் கொடுத்தவை. விலை படிந்தது, வாங்கிப் போட்டான். பளபளவென்று மேலுக்கு ஸ்டிக்கர் ஒட்டியது மட்டும் இவன் கைவேலை.

"இன்னா வேலைக்கு மேடம்?"

"மெயில், எக்செல். இத்தாலிக்கு ஷூ சாம்பிள் போட்டோ அனுப்பணும்."

"அப்போ இதை எடுங்க. பேட்டரி நல்லா நிக்கும், கீபோர்டும் புதுசாட்டம் இருக்கு. அது வெயிட்டு கொஞ்சம் கம்மி. ஆனா சூடு ஜாஸ்தி, ஃபேன் சத்தம் வேற. தெனம் அதோட பேஜார்தான்."

வியாபாரத்தில் அவன் பொய் சொல்வதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கரோலின் இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கினாள். கீழே வைத்தாள். இடம் மாற்றி மறுபடி தூக்கினாள். கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவினாள். எது எங்கே இருந்தது என்று நவநீதனுக்கே ஒரு கணம் குழம்பிவிட்டது. சோப்புக் கட்டி ஞாபகம் வந்தது.

கல்லாவில் இருந்த மனைவி சாவித்திரியைப் பார்த்துக் காதைச் சொறிந்தான். அது அவர்களுக்குள் ஜாடை. அவள் எழுந்து ஸ்டூலைத் தூக்கிப்போய் வாசலில் போட்டு, காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"பின்னாடி வழி இருக்கா?" அங்கிள் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எதுக்கு சார்?"

"சும்மாத்தான். காத்தே வரலியேன்னு கேட்டேன்."

"வழியெல்லாம் இல்ல. செவுருதான்."

"நல்லது" என்றார் அங்கிள். வழி இல்லாததில் இந்த ஆளுக்கு என்ன நல்லது என்று நவநீதனுக்குப் புரியவில்லை.

கரோலின் இரண்டையும் திறந்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்தாள். முதலாவதில் விரல்கள் தடுமாறின. இரண்டாவதில் மழை பெய்கிற மாதிரி சடசடவென்று ஓடி, சட்டென்று நின்றன. ஸ்பேஸ் பாரின் இடது ஓரத்தை மட்டும் அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இந்தப் பக்கம் அமுங்க மாட்டேங்குது."

"அதான் மேடம் சொன்னேன். அதை வுடுங்க, இதை எடுத்துக்குங்க. விலைகூட பாத்துப் போட்டுக்கலாம்."

"இல்ல சார். எனக்கு இதுதான்."

நல்லது இருக்கும்போது பழுதை யார் கேட்பார்கள்? அதுவும் பேரம் பேசாமல், என்ன விலை என்றுகூடக் கேட்காமல்? நவநீதன் மற்றதை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

அதற்குள் அங்கிள், "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று சாவித்திரியை மரியாதையாக எழுப்பிவிட்டு ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னா சார் பண்றீங்க? கடையில நாங்க ரெண்டு பேருதான்னு நினைச்சுக்காதீங்க. பில்லு போட்டு, காசு கட்டிட்டு, மரியாதையா எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா ஒரு போன் போட்டா போதும், போலீஸ் வந்து நிக்கும்."

அங்கிள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கரோலின் தான் தேர்ந்தெடுத்ததை மூடி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"பில்லு ஏற்கெனவே எங்கிட்ட இருக்கு சார், போன மாசம் ட்ரெயின்ல திருட்டுப்போன என் லேப்டாப் இது, போலீஸும் வந்தாச்சு, இவரு ரயில்வே எஸ்.ஐ. இன்பசேகரன்."