எருது பேசிய ஒரே வசனம்

திரையில் எருது வாயைத் திறந்ததும் அவள் இருக்கையை விட்டு எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். பின்வரிசை சும்மா இருக்குமா? "அம்மா, சாமியை அப்புறம் கும்பிடலாம், தலை மறைக்குது!" என்றது.

"யோவ், அது அவ வீட்டுக்காரர் குரலுய்யா!" என்று பக்கத்தில் இருந்த டெய்லரம்மா திரும்பிச் சீறினாள். எதிர்வீட்டுக்காரி. தெருவில் தனக்குத் தெரியாமல் ஒரு துரும்பும் அசையாது என்பது அவள் நம்பிக்கை.

படம் பிள்ளைகள் நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. வேற்று மொழியில் ஓடிவிட்டுத் தமிழ் பேச வந்தது. தாய் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஒரு சிறுமி தினமும் ஏரிக்கரைக்குப் போய் வெள்ளை எருது ஒன்றிடம் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டுகிறாள். கடவுள்தான் எருதாக வந்து நிற்கிறார் என்பது அவள் எண்ணம். ஊர் சிரிக்கிறது, எருது அசை போடுகிறது.

கடைசிக் காட்சியில்தான் அது வாயைத் திறக்கிறது. "நீ சொன்னது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவ்வளவுதான் வசனம். அதற்கே தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சியது.

எழுந்து கும்பிட்டவளுக்கு மட்டும் அது படமாகவே தெரியவில்லை.

ஐந்து வருஷமாக அவள் கணவர் வீட்டில் பேசுவதில்லை. சண்டை கிண்டை ஒன்றுமில்லை, படங்களுக்குக் குரல் கொடுக்கிற தொழில் அப்படி. தொண்டையில் முடிச்சு, மைக் முன்னால் தவிர வேறெங்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் அவளிடம் கடைசியாகப் பேசியதே இந்தச் சேதியைத்தான்.

அதற்கப்புறம் எல்லாம் கைத்தட்டல்தான். ஒன்று தட்டினால் வெந்நீர், இரண்டு தட்டினால் சாப்பாடு. அவர் நிம்மதியாக ஓய்வெடுக்கட்டும் என்று அவள் குக்கரைப் பரணில் ஏற்றினாள், காலிங்பெல் வயரைப் பிடுங்கினாள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே உதட்டில் விரல் வைத்து அடக்கினாள். பாதிப் பேர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

சோறு போடும்போது மட்டும் அன்றைய கதையை ஒன்றுவிடாமல் சொல்வாள். அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். காதில் ஏறுகிறதா இல்லையா என்பது அந்தத் தட்டுக்குத்தான் வெளிச்சம். "சுவத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வருமேடி" என்று டெய்லரம்மா ஒருநாள் குத்தியதில் அவள் இரண்டு நாள் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

விளக்கு போட்டதும் டெய்லரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு விமர்சனத்தை ஆரம்பித்தாள். "எம் பொண்ணு புஸ்தகத்தைப் படிச்சிருக்கா. அதுல எருது கடைசி வரைக்கும் பேசவே பேசாதாம். சினிமாக்காரங்கதான் பேச வெச்சிருக்காங்க."

"நல்லதுதான்க்கா பண்ணியிருக்காங்க. இல்லேன்னா அந்தப் பொண்ணு வாழ்க்கை பூரா மாட்டுக்கிட்ட பேசினவளாவே போயிருப்பா" என்றாள் அவள்.

வெளியே படிக்கட்டில் டப்பிங் மேடம் நின்று பாராட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார். தமிழ் வசனம் எழுதி, குரல்களைப் பொறுக்கியெடுத்தவர் அவர்தான். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து அவள் கிட்டே போனாள்.

"எருதுக்குப் பேசினாரே, அவர் வீட்டுக்காரி மேடம் நான்."

மேடத்தின் சிரிப்பு எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. "ஓ... நீங்களா?"

"ஒத்தை வரிதான். உசுரையே குடுத்திருக்காரு. அதுக்குத்தான் மேடம் வீட்டுல அந்தக் குரலைப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன். அஞ்சு வருஷமா ஒரு வார்த்தை பேச விடல."

"உங்ககிட்டகூடவா பேசறதில்ல?"

"யார்கிட்டயும்தான். டாக்டர் சொல்லிட்டாரே. ஸ்டூடியோலயும் அப்படித்தானே இருப்பாரு?"

மேடம் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். "உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று பையிடமே சொல்லிவிட்டு, காரை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

"என்னடி இவ, பாராட்ட வந்தா பதறிக்கிட்டு ஓடுறா?" என்றாள் டெய்லரம்மா.

"பெரிய மனுஷங்கக்கா. கூச்சமா இருக்கும்."

வீட்டில் தட்டு வைத்துச் சோறு போட்டுவிட்டு, அவள் வழக்கம்போல எதிரே உட்கார்ந்தாள். பின்வரிசைக்காரன் கத்தியது, டெய்லரம்மா அவனை ஏசியது, தியேட்டரே அழுதது எல்லாம் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும் அழுகையே வரலைங்க, சந்தோஷமா இருந்துச்சு. எனக்குச் சொன்ன மாதிரியே இருந்துச்சு. நான் பேசறதெல்லாம் நீங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க, இல்ல? நீங்க பதில் சொல்ல வேணாம். இது போதும் எனக்கு."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"அப்புறம், உங்க டப்பிங் மேடத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தனியா நின்னு பேசிக்கிட்டிருந்தோம்."

பிசைந்த கை நின்றது. தியேட்டரில் கேட்ட அதே குரல், ஒரு கரகரப்புக்கூட இல்லாமல், கணீரென்று வந்தது.

"அவ என்ன சொன்னா?"