பக்கத்துலதானே இருக்கீங்க

மாநிலம் இரண்டாகப் பிரிந்ததும், ஓய்வூதிய அலுவலகம் அந்த அம்மாளின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வந்துவிட்டது. இன்று ஆறாவது முறையாக வந்து நின்றாள். அவள் உயிரோடிருக்கிறாள் என்று கையெழுத்துப் போடவேண்டிய தாள், குமாஸ்தாவின் டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தது. அவள் முகத்தைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

“நாளைக்கு வாங்கம்மா. பக்கத்துலதானே இருக்கீங்க.”

அவள் நகரவில்லை.

“போன வருஷம் இதே தாளுக்குப் பழைய தலைநகரம் போனேன் சார். எட்டு மணி நேரம் பஸ்ல. ‘பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, வெறுங்கையோட அனுப்பலாமா’ன்னு அங்க இருந்த சார் சாப்பாட்டைக்கூடத் தள்ளி வச்சுட்டு உடனே போட்டுக் குடுத்தார்.”

குமாஸ்தாவுக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினார்.

“அப்படி ஒரு தர்மப்பிரபுவா? அவரை இங்க மாத்தச் சொல்லி மனு போடுங்களேன்.”

“எதுக்கு சார், ஏற்கெனவே மாத்திட்டாங்களே” என்றாள் அவள். “கண்ணாடி மட்டும்தான் புதுசா போட்டிருக்கீங்க.”

அவர் டிபன் பாக்ஸை மெல்லத் தள்ளி வைத்தார்.