பதினான்காம் அத்தியாயமும் ஒரு வெள்ளைச் சட்டையும்

பதினான்காம் அத்தியாயத்தை நான் வாசிக்க ஆரம்பித்தபோது, நாத்தனார் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஓட்டல் ஊழியர்களின் சட்டைகள் அவை. தினமும் ஒரு மூட்டை வரும். முன்னறையில் நீண்ட மேசை போட்டு, நின்றபடியே தேய்த்து, மாலைக்குள் மடித்துக் கொடுத்துவிடுவார்.

நான் காலையில் கண் மருத்துவமனைக்குப் போகிறவள். எழுத்துப் பலகையைக் காட்டி, தெரிகிற வரைக்கும் படியுங்கள் என்று சொல்வது என் வேலை. மதியம் வீடு திரும்பியதும் நாத்தனாரின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் நாவலை நானே சத்தமாகப் படிப்பேன்.

பதிப்பகத்து எடிட்டர் அம்மா சொன்ன யோசனை அது. நாவலைத் திருப்பி அனுப்பிய கையோடு போனில் கூப்பிட்டார். திருத்திக் கொடுத்தால் இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்பதாகச் சொன்னார்.

அதற்குமுன் முழுவதையும் யாருக்காவது வாசித்துக் காட்டிவிட வேண்டுமாம். பிரியமானவர்களிடம் வாசித்துப் பிரயோசனமில்லை. கை ஓயாமல் வேலை இருக்கிற ஆளாகப் பார்க்க வேண்டும். என்னைப் பிடிக்காத ஆளாக இருந்தால் இன்னும் விசேஷம். வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, முகம் பொய் சொல்லும். கையைப் பார்க்க வேண்டும்.

பிரியமானவரிடம் ஏற்கெனவே வாசித்திருந்தேன். உப்பில்லாமல் சமைத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர் என் கணவர். நாவலையும் நன்றாக இருக்கிறது என்றார், கண்ணைத் திறக்காமலே.

பிடிக்காதவரைத் தேடி நான் வாசலைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

நாத்தனார் தன் தம்பிக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார். தம்பி என்னைப் பார்த்துவிட்டார். அதுதான் விஷயம்.

அனுமதி எதுவும் கேட்காமல்தான் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினேன். தேய்க்கிற துணியைப் போட்டுவிட்டு அவரால் எழுந்து போக முடியாது என்கிற தைரியம்.

எடிட்டர் அம்மா சொன்னது சரிதான். கதை சலித்தால் இஸ்திரிப் பெட்டி குடுகுடுவென்று ஓடியது. பிடித்தால் கொஞ்சம் தயங்கியது.

ஒரு மாதம் செதுக்கிய கடற்கரை விடியலை நான் குரல் தழதழக்க வாசித்தபோது, நாத்தனார் சட்டையின் மேல் சளப்சளப்பென்று தண்ணீர் தெளித்தார். என் விடியல் அதிலேயே அணைந்துபோனது. மறுநாள் அந்தப் பக்கம் நாவலில் இல்லை.

"இவ்வளவு மழை பெஞ்சா துணி எங்கேர்ந்து காயும்" என்று ஒருநாள் கையிலிருந்த சட்டையிடம் சொன்னார். மழையை நிறுத்தினேன்.

கதாநாயகியின் அம்மா இன்னுமா இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று தம்பியிடம் கேட்டாராம். அந்த அம்மாவை ஒரே பத்தியில் கண்மூட வைத்தேன்.

அடித்துத் தள்ளிய ஒவ்வொரு வரிக்கும் வயிறெரிந்தது. ஆனால் ஊளைச்சதை கரையக் கரைய, நாவலுக்கு எலும்பு இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பதினான்காம் அத்தியாயத்தில் வர்ணனை என்று எதுவும் மிச்சமில்லை. ஒரு கதவு மட்டும்தான்.

கதவுக்கு வெளியே, விட்டுவிட்டு ஓடிப்போன கணவன் நிற்கிறான். யாருடையது என்று தெரியாத ஒரு குழந்தையைக் கையில் பிடித்திருக்கிறான். கதவுக்கு உள்ளே, தாழ்ப்பாளில் கை வைத்தபடி அவள்.

வாசித்துக்கொண்டே நாத்தனாரின் கையைப் பார்த்தேன். பெட்டி காலரிலிருந்து தோளுக்கு வந்தது. தோளிலிருந்து பைக்கு வந்தது.

பையின் மேல் நின்றது.

குழந்தைக்குத் தண்ணீராவது கொடு என்கிறான் அவன்.

பெட்டி நகரவில்லை.

அறையில் லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. அந்த நொடியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டல்காரர்களின் சட்டை, பாவம். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. குரலைத் தாழ்த்தி, இன்னும் மெதுவாக, அடுத்த வரிக்குப் போனேன்.

புகை நூலாக எழுந்தது. எந்த மேடையில் எந்த மாலை போட்டாலும் அப்படி ஒரு மணம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அத்தியாயத்தின் கடைசி வரியில் அவள் விரல்கள் தாழ்ப்பாளை இறுக்குகின்றன. அதோடு நிறுத்தினேன்.

நாத்தனார் அப்போதுதான் பெட்டியை எடுத்தார். சட்டைப் பையின் மேல், அளவெடுத்ததுபோல், பழுப்பு நிறத்தில் முழு இஸ்திரிப் பெட்டி பதிந்திருந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்காதவர் அவர்.

எடிட்டர் அம்மா அந்த அத்தியாயத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் அச்சுக்கு அனுப்பியதெல்லாம் பிறகு நடந்தது. புத்தகம் வந்தது, இரண்டாம் பதிப்பும் வந்தது. ஆனால் நான் ஜெயித்தது அன்று மதியம், அந்த முன்னறையில்தான்.

நாத்தனார் சட்டையைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு என் நாற்காலி வரைக்கும் வந்தார். கண்ணுக்கு நேராகப் பார்த்தார்.

"அப்புறம்? கதவத் தொறந்தாளா, இல்லையா? சொல்லு."

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை.