மேலாளர் போட்ட அரைப் புள்ளி

“பாவம், லிஃப்ட்காரன் கெஞ்சினான். டிரா கொடுத்துட்டேன்” என்றார் மேலாளர், காபியை உறிஞ்சிக்கொண்டே.

கம்பெனி ஓய்வறையில் இருந்த பத்துப் பேரும் உச்சுக் கொட்டினார்கள். கம்பெனி செஸ் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் இருவரும் மோதிய ஆட்டம் அது. மேலாளரின் ரேட்டிங் ஆயிரத்துத் தொள்ளாயிரம். லிஃப்ட்காரருக்கு ஆயிரத்து இருநூறு. யார் கெஞ்சியிருப்பார்கள் என்று சந்தேகம் வருமா என்ன? அதுவும் சம்பள உயர்வு போடும் மாதத்தில் யாருக்கும் வராது.

சிக்கல் என்னவென்றால், அந்த அரைப் புள்ளியால் நாலு பேர் அணியின் கடைசி இடம் லிஃப்ட்காரருக்குப் போய்விட்டது. ஏழு வருடமாகத் தேர்வில் ஆடி, ஒவ்வொரு முறையும் ஐந்தாவதாக வந்து ஏமாந்த மனிதர்.

“தானமா வந்த புள்ளியைச் சேர்க்கலாமா? அந்த இடத்தை என் உதவியாளருக்குக் கொடுங்க” என்றார் மேலாளர். நியாயம் பேசுகிறாராம். அணிச் செயலாளரும் வாலைச் சுருட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு, டிரா கேட்டது யார் என்று விசாரித்தார்கள். அவர் சீருடைப் பொத்தானைத் திருகியபடி நின்றார்.

“ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். முதுகெலும்பே இல்லாத ஆள் என்று உதவியாளர் அவர் காதுபடவே சொன்னார்.

பெயரை அடிக்கும் முன், ஒப்புக்காகச் செயலாளர், நகர்த்தல்களைக் குறித்துவைக்கும் ஆட்டத்தாளைக் கேட்டார். வெளியிலிருந்து வந்திருந்த நடுவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தாளை நீட்டினார்.

“டிரா கேட்கிறவங்க நகர்த்தலுக்குப் பக்கத்துல ஒரு சமக்குறி போடணும். அது விதி. லிஃப்ட்காரர் பக்கம் ஒண்ணுகூட இல்ல. மேலாளர் பக்கம் மூணு இருக்கு. இது மேலாளரே எழுதின தாள்.”

விதியைக் கடைப்பிடிப்பதில் மேலாளரை மிஞ்ச ஆளில்லை. திடீரென்று அவருக்கு ஏதோ மீட்டிங் ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார்.

செயலாளர் கடைசி நிலையைப் பலகையில் அடுக்கிப் பார்த்தார். லிஃப்ட்காரர் இரண்டே நகர்த்தலில் மேட் வைத்திருக்கலாம்.

“ஜெயிச்சிருக்கலாமே, ஏன் ஒத்துக்கிட்டீங்க?” ஏழு வருடத்தில் முதன்முறையாக மரியாதை வந்தது.

லிஃப்ட்காரர் கதவுப் பக்கம் பார்த்து, மேலாளர் போய்விட்டதை உறுதி செய்துகொண்டார்.

“மூணாவது தடவை கேட்டப்போ ஐயா நாக்குக்கு அடியில நெஞ்சுவலி மாத்திரை வச்சிருந்தாங்க சார். ஒரு ஆட்டத்துக்காக அவரைப் படுக்கையில தள்ள மனசு வரல.”