பாட்டு நின்ற பிறகு

நாற்பதாவது வினாடியில் பாட்டு பொசுக்கென்று நின்றுபோனது. விரிப்பின் மூலையிலிருந்து கரணம் போட ஓடிவந்துகொண்டிருந்த பெண் நிற்கவில்லை.

நில்லும்மா, நில்லு என்று பயிற்சியாளர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். சத்தமாகச் சொன்னால் அவளுக்குத்தான் மதிப்பெண் குறையும். எட்டு வருஷமாக அவளை அதட்டியே பழகிய வாய்க்கு இன்றைக்குப் பூட்டு.

விதி ஒன்றும் கடினமானதில்லை. பாட்டு தானாக நின்றால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நடுவர்கள் முதலிலிருந்து ஆடவிடுவார்கள். நிற்காமல் ஆடி முடித்தால் வந்த மதிப்பெண் வந்ததுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பாள்.

தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு மூன்றே பேர், இதுதான் கடைசித் தேர்வு. அம்மாவின் ஒற்றைச் சம்பளத்தில்தான் அவள் பயிற்சி இத்தனை நாள் ஓடியது. அவள் வீட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மாதான்; சாயங்காலம் அழைத்துப்போக வரும்போது என்ன சொல்வது?

எல்லாம் பாட்டு போடும் மேஜையில் உட்கார்ந்திருந்த அந்தச் சவுண்ட்காரரால் வந்த வினை. வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தானாம். காலையிலேயே ஒருத்திக்குப் பாட்டை மாற்றிப் போட்டு ஆட்டத்தை நிறுத்தவைத்தார். இன்னொரு ஆட்டம் நின்றால் மூட்டையைக் கட்டலாம் என்று அமைப்பாளர் மைக்கிலேயே அவர் மானத்தை வாங்கினார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. இவள் மட்டும் குனிந்து, கணுக்கால் கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த மனிதர் ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தார். ஆனால் கண் விரிப்பை விட்டு நகரவில்லை. உதடுகள் அவளுடைய தாளத்தை ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டிருந்தன. செய்வதையும் செய்துவிட்டு அக்கறையைப் பார் என்று பயிற்சியாளர் பல்லைக் கடித்தார்.

பாட்டில்லாமல் தாளம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. கடைசிக் கரணத்தில் ஒரு கால் கோட்டைத் தாண்டி விழுந்தது. பயிற்சியாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

பலகையில் நாலாவது இடம் என்று வந்தது.

பாட்டு நின்றது காதில் விழவில்லையா என்று கேட்டார். விழுந்தது என்றாள். பிறகு ஏன் நிற்கவில்லை என்றதற்குத் தரையைப் பார்த்தாள். அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. புகார்த் தாளை வாங்கிப் பேனாவைத் திறந்தார்.

"உன் இடம் போனது போனதுதான். ஆனா அந்த ஆள் நாளைக்கு இந்த மேஜையில உக்காரக் கூடாது."

அவள் சட்டென்று தாளின் மேல் கையை வைத்தாள். பிடிமானத்துக்காக உள்ளங்கையில் பூசியிருந்த வெள்ளைப் பொடி தாளில் ஒட்டிக்கொண்டது.

"எழுதாதீங்க சார். அதுக்குப் பயந்துதானே நான் நிக்கல."

அவர் புரியாமல் பார்த்தார்.

"அவர் எங்க அப்பா."