பதினைந்து நாளைக்கு ஒரு பழுது

“ஸ்கிரீன் முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்து வந்து, அப்பிடியே நூந்து போகுது” என்றாள் ஷாஹினா, அறைவாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றபடி.

“எந்த நேரத்துல அணையுது?” என்று கேட்டான் மசூர்.

“ஓடருக்கு வந்த கல்யாண காட் அடிக்கக்குள்ள.”

“போன முறையும் இதத்தானே சொன்னீங்க?”

“போன முறையும் அப்பிடித்தானே நூந்தது!”

கல்முனை பஸாரில் கம்பியூட்டர் திருத்தும் மசூருக்கு மருதமுனையில் அந்த வீடு ஒன்றும் புதிதல்ல. ஏழு வருடம் மாப்பிள்ளையாக இருந்த வீடு. பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த வீடு என்பதால், தலாக் சொன்ன அன்றைக்கு ஒரு பேக்கோடு வெளியேறியது அவன்தான். வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போவதா வேண்டாமா என்று தொடங்கிய சண்டை. நரம்பில்லாத நாக்கு அந்தச் சொல்லைக் கொட்டிவிட்டது. ஏழு வருடம் ‘நீ’ என்று கூப்பிட்டவளை இப்போது ‘நீங்க’ என்கிறான்.

ஒரு தலாக்தான். தலாக்குக்குப் பிறகு பெண் காத்திருக்கும் இத்தாக் காலம் முடிவதற்குள் ‘உன்னை மீட்டுக்கொண்டேன்’ என்று வாயால் சொன்னால், புது நிக்காஹ் இல்லாமலே அவள் திரும்ப மனைவி. அதற்கு அவளிடம் சம்மதம்கூடக் கேட்கத் தேவையில்லை என்று மௌலவி சொல்லியிருந்தார். மசூருக்கு அங்கேதான் இடித்தது. மனசில்லாதவளை மீட்டு என்ன செய்வது? அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தான்.

மாமி பிளேன்டீயைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தார்.

“இந்தப் பொட்டியத் தூக்கிக் கடல்ல போடு எண்டு எத்தின தரம் சொல்லிட்டன். கேக்கிறாளா இவள்? இத்தாவும் இண்டைக்கோ நாளைக்கோ முடியுது. அதுக்குப் புறகு இஞ்ச வாற வேல வெச்சுக்காதீங்க, தம்பி.”

மருமகன், மருமகன் என்று வாய் நிறையக் கூப்பிட்ட மாமி. இப்போது தம்பியாம். மாமி குசினிக்குப் போய்விட்டார். இண்டைக்கோ நாளைக்கோ! இன்னும் ஒரு கிழமையாவது இருக்கும் என்று எண்ணியிருந்த மசூர் எடுத்த தேநீரைக் குடிக்காமலே வைத்தான்.

பழுது என்னவென்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தலாக்குக்குப் பிறகு ஒருநாள், மின்விசிறியில் தூசி அடைத்து இந்தக் கிழட்டுக் கம்பியூட்டர் உண்மையாகவே நின்றது. ஷாஹினா ஆள் அனுப்பினாள். அன்றைக்கு அவள் குரலைக் கேட்டவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. தூசியைத் துடைத்த கையோடு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை கம்பியூட்டரை நிறுத்துகிற மாதிரி ஒரு சின்னப் புரோகிராமை உள்ளே ஒளித்து வைத்தான். களவுதான். வேறென்ன?

அது பிசகாமல் வேலை செய்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவள் கூப்பிட்டாள். அவனும் வந்து, அதையும் இதையும் சோதிப்பதுபோல் நடித்து, ஒரு மணித்தியாலம் அந்தத் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவான். இது நாலாவது முறை. சுகமா என்றாவது கேட்பாள் என்று பார்த்தால், நூந்து போகுது, நூந்து போகுது என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

“வேற ஒண்டும் சொல்ல இல்லையா?” என்று கேட்டான்.

“நான் என்னத்தச் சொல்ற? நீங்கதானே திருத்திற ஆள். வடிவாப் பாருங்க.”

சரி, இவ்வளவுதான். இவளுக்குக் கம்பியூட்டர் ஓடினால் போதும். போகிறபோதாவது நேர்மையாகப் போவோம் என்று நினைத்து, ஒளித்து வைத்த புரோகிராமை அழிக்கப் போனான்.

வைத்த இடத்தில் அது இல்லை.

கம்பியூட்டர் முழுக்கத் தேடினான். கடைசியில் ரீசைக்கிள் பின்னைத் திறந்தால், அங்கே கிடந்தது. பக்கத்தில் அழித்த தேதி. அவன் அதை ஒளித்து வைத்ததற்கு மறுநாள்.

ஏழு வருடம் கம்பியூட்டர்காரனோடு குடும்பம் நடத்தியவள் அல்லவா! அப்படியானால் இந்த இரண்டு மாதமும் இது ஒரு தடவைகூட அணையவில்லை.

“கண்டுபுடிச்சிட்டீங்களா?” திரைச்சீலைக்குப் பின்னால் ஷாஹினா அழுதுகொண்டிருந்தாள். “நாலு தரம் பொய் சொல்லிக் கூப்பிட்டுட்டன். இனிக் கூப்பிட நாள் இல்ல. இண்டைக்காவது என்ன மீட்டுக்கிற அந்தச் சொல்லச் சொல்லுங்களன்!”