துக்க வீட்டில் கேட்ட கேள்வி

செவிலியர் சங்கத் தலைவி புஷ்பலீலா யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். சங்கத்தில் உள்ள நர்ஸ் தேவசேனாவின் கணவனுடைய உடலைக் கிடத்தியிருந்த கூடத்திலேயே, அழுதுகொண்டிருந்தவளிடம், "உனக்கு அடுத்த டூட்டி எப்போ?" என்று கேட்டவர். இன்றைய கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

"இவங்க தலைவியா வேண்டாம்னா கை தூக்குங்க," என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

கைகள் எழுந்தன. எல்லோரும் தேவசேனாவையே பார்த்தார்கள். கணவன் இறந்த அந்த மாதம் முழுக்க அவளுடைய டூட்டியையும் சேர்த்துப் பார்த்தவர் புஷ்பலீலா, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தக் குரலை நினைத்தால் தேவசேனாவுக்கு இன்னும் உடம்பு கூசுகிறது.

"சொல்லுடி, அன்னைக்கு உன்னைத்தானே அப்படிக் கேட்டாங்க?" என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ்.

தேவசேனா எழுந்தாள். "ஆமா, கேட்டாங்க. ஆனா..."

புஷ்பலீலா சுவரைப் பார்த்தபடி, "உக்காரு, நேரமாகுது," என்றார்.

யாரோ சிரித்தார்கள். தேவசேனா உட்காரவில்லை.